பரீட்சைச் சான்றிதழைப் பெறுவதற்குப் பாடசாலைக்குப் பணம் செலுத்த வேண்டுமா?

மலைக்கொழுந்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறேன். 2019ஆம் ஆண்டு சாதாரண தரமும் 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரமும் எழுதிச் சித்தியடைந்தேன். இப்போது கல்வியியற் கல்லூரி நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு பரீட்சைகளின் மூலச் சான்றிதழ்களையும் கொண்டுவர வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே இருக்கின்றன.

நேற்று அம்மாவும் நானும் நான் படித்த பாடசாலைக்குப் போனோம். அம்மா அன்று கொழுந்தெடுக்க மலைக்குப் போகவில்லை. அன்றைய பேர், அதாவது நாட்கூலி, அவருக்கு இல்லை. அலுவலகத்தில் இருந்தவர் அலுமாரியைத் திறந்து, இறப்பர் வளையம் போட்ட கட்டிலிருந்து என் சான்றிதழை உருவி எடுத்து மேசையில் வைத்தார். பிறகு வேறொரு கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு மூன்று வருடச் சந்தா நிலுவையாக இருக்கிறது, 4,500 ரூபாய் கட்டினால்தான் தர முடியும் என்றார். அந்த மூன்று வருடங்களில் கொரோனாவினால் பாடசாலை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த 2020உம் 2021உம் அடங்கும். அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, வைத்திருந்த 2,000 ரூபாயை நீட்டினார். முழுத் தொகையும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பற்றுச்சீட்டு கிடைக்குமா என்று நான் கேட்டதற்கு, "பிறகு பார்ப்போம்" என்பதே பதில். என் பெயரையும் சுட்டெண்ணையும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாக வாசித்தேன். அதன்பின் சான்றிதழ் மறுபடி அந்தக் கட்டுக்குள் போய்விட்டது.

யாரையும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. படிப்பித்த ஆசிரியர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. நான் எழுதிய பரீட்சையின் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று சட்டத்தில் எங்காவது இருக்கிறதா என்பதை மட்டும் விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இருக்குமானால் எப்படியாவது கடன் பட்டுக் கட்டிவிடுகிறேன்.

பணிமனை ஓய்வாளர் எழுதியது:

மகள், கடன் பட வேண்டாம். கல்விப் பணிமனையில் எழுதுவினைஞராக நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மூன்று வேறு விடயங்கள் இங்கே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

அரச பாடசாலையிலிருந்து தோற்றும் பரீட்சார்த்தியிடம் சாதாரண தரத்துக்கோ உயர்தரத்துக்கோ பரீட்சைக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. கட்டணம் செலுத்தித் தோற்றுபவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்திகளே. பரீட்சை முடிந்து, பெறுபேறு வெளியாகி, அச்சிடப்படும் மூலச் சான்றிதழ் பாடசாலைப் பரீட்சார்த்திக்கு அதிபர் வழியாக அனுப்பப்படுகிறது. அந்த இடத்தில் அதிபர் உரியவரிடம் சேர்ப்பிக்கும் கை மட்டுமே. சான்றிதழ் பரீட்சைத் திணைக்களம் உங்களுக்கு வழங்கியது; அதைப் பாடசாலை விலைக்கு வாங்கி வைத்திருக்கவில்லை. ஆகவே அதைக் கையில் கொடுப்பதற்கு விலையும் கிடையாது. நீங்கள் அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கிச் செல்ல வேண்டியதுதான் முறை.

பணம் செலுத்த வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மூலச் சான்றிதழ் தொலைந்தாலோ, வெளிநாட்டு வேலைக்கோ மேற்படிப்புக்கோ உறுதிப்படுத்திய பெறுபேற்றுப் பத்திரம் தேவைப்பட்டாலோ, பத்தரமுல்லை பெலவத்தையில் இருக்கும் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். அது திணைக்களம் செய்து தரும் தனியான சேவை. அந்தக் கட்டணம் பாடசாலைக்குப் போவதுமில்லை, பாடசாலை அதை அறவிடுவதுமில்லை. "சான்றிதழுக்குக் காசு கட்டத்தானே வேண்டும்" என்று ஊரில் பலர் சொல்வது இந்த இரண்டாவது விடயத்தைக் கேள்விப்பட்டுத்தான்.

மூன்றாவதாக உங்கள் தலையில் வைக்கப்பட்டிருப்பது அபிவிருத்திச் சங்கச் சந்தா. சந்தா சங்கத்துக்கும் பெற்றோருக்கும் இடையிலான விடயம். அது உண்மையாகவே நிலுவையாக இருக்கலாம், சங்கம் அதைக் கேட்கவும் செய்யலாம். ஆனால் அதற்கு ஈடாக ஒரு பிள்ளையின் சான்றிதழைப் பிடித்து வைப்பது, அடகுக்கடைக்காரர் நகையை வைத்திருப்பதற்கு ஒப்பானது. இந்தப் பிள்ளை எதையும் அடகு வைக்கவில்லை.

டிக்கோயா ஆசிரியர் எழுதியது:

ஐயா சொல்வது முறைப்படி சரியே, நான் அதை மறுக்கவில்லை. ஆயினும் எங்கள் பக்கத்தையும் இங்கே வைக்காமல் போனால் அது நேர்மையாகாது. நான் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். சங்கத்தின் பொருளாளராகவும் இருக்கிறேன்.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாத இரண்டு ஆண்டுகள் இருந்தன. அந்தக் காலத்தில் தோட்டத்திலேயே உயர்தரம் முடித்திருந்த ஒரு தம்பியைத் தொண்டராசிரியராக வைத்து, மாதாந்தம் அவர் கையில் ஒரு சிறு தொகையைக் கொடுத்தது சங்கம். தவணைப் பரீட்சை வினாத்தாளுக்கான போட்டோப் பிரதி, உடைந்த தண்ணீர்க் குழாய், இரவுக் காவலாளி எல்லாவற்றுக்கும் பணம் சந்தாவிலிருந்துதான் வருகிறது. நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. எங்களிடம் படித்து வெளியேறிய பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் எதைக் கேட்பது?

பிள்ளை பாடசாலையை விட்டுப் போன பின் பெற்றோர் மறுபடி அந்தப் படியேறுவது சான்றிதழுக்காக மட்டும்தான். அந்த ஒரு தருணத்தில் கேட்காவிட்டால் நிலுவை என்றைக்கும் வராது என்ற எண்ணத்தில் இந்த வழக்கம் சில பாடசாலைகளில் தொடங்கியிருக்கிறது. அது சரி என்று நான் சொல்ல வரவில்லை. எதனால் வந்தது என்று சொல்கிறேன். பற்றுச்சீட்டுக் கொடுக்காதது மட்டும் எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாத பிழை.

லிந்துலைத் தாய் எழுதியது:

சேர், உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியாததல்ல. என் மூன்று பிள்ளைகளும் தோட்டப் பாடசாலையில் படித்தவர்கள். நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள், மழை பெய்தாலும் அப்படியே. அதிலும் சந்தா கட்டியிருக்கிறேன், கட்டாமலும் விட்டிருக்கிறேன். கட்டாத வருடத்தில் பாடசாலைக்குப் பின்னால் மண் சரிந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்துக்கு வந்து கல் சுமந்தோம். அதை எந்தக் கொப்பியிலும் யாரும் வரவு வைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, ஏனென்றால் அது எங்கள் பிள்ளைகளின் பாடசாலை.

ஒரு தாய் பிள்ளைக்கு முன்னால் முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணி, அது போதாது என்று திரும்புவது எவ்வளவு பெரிய அவமானம் என்பதை அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சந்தாவைப் பிள்ளை படிக்கும்போது கேளுங்கள். வீட்டுக்கு வந்து கேளுங்கள். மாதம் நூறு ரூபாயாகக் கேளுங்கள். தீபாவளி முற்பணம் கிடைக்கும் கிழமையில் கேளுங்கள். பிள்ளையின் வேலைக்கு நடுவே நின்று கேட்காதீர்கள்.

கண்டிச் சட்ட மாணவி எழுதியது:

மலைக்கொழுந்து தங்கை, பன்னிரண்டு நாட்களுக்குள் செய்யக்கூடியதை மட்டும் முதலில் சொல்கிறேன்.

வாய்மொழியாகக் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் அதிபருக்கு முகவரியிட்டு, உங்கள் முழுப்பெயர், பரீட்சை ஆண்டுகள், சுட்டெண்கள், நேர்முகப் பரீட்சை நடைபெறும் திகதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, உங்கள் மூலச் சான்றிதழ்களைக் கையளிக்குமாறும், கையளிக்க இயலாது எனில் அதற்கான காரணத்தையும் அக்காரணத்துக்கு அடிப்படையான சுற்றுநிருபத்தையும் எழுத்தில் தருமாறும் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றில் கிடைத்ததற்கான கையெழுத்தையும் திகதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் அனுப்புங்கள். வாயால் எளிதாகச் சொல்லப்படும் மறுப்பைத் தாளில் எழுதிக் கையொப்பமிட ஒருவர் பெரும்பாலும் முன்வரமாட்டார். கடிதத்தின் பலம் அதிலேயே இருக்கிறது. குரலை உயர்த்த வேண்டிய தேவையே இல்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம் என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். அரச பாடசாலைக்கும் அச்சட்டம் பொருந்தும். ஆனால் தகவலை வழங்குவதா இல்லையா என்று தீர்மானிக்கவே அதிகாரிக்குப் பதினான்கு வேலை நாட்கள் இருப்பதால், அது உங்கள் நேர்முகப் பரீட்சைக்கு உதவாது. சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கைப் பெற்றோர் அறிய விரும்பினால், பின்னர் ஆறுதலாக அந்த வழியைப் பயன்படுத்தலாம்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கொஸ்லாந்தையிலிருந்து எழுதியது:

மூலச் சான்றிதழ் இலவசம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை என்று நினைக்கிறேன். திணைக்களம் மறுபடி வழங்கும் பத்திரத்துக்கு அறவிடும் கட்டணத்தைப் பற்றி ஓய்வாளர் ஐயா ஒரே வரியில் சொல்லிச் சென்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் அது ஒரு வரியில் முடிகிற விடயமல்ல.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை எங்கள் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து மலை இறங்கியபோது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்த இடமே தெரியாமல் போனது. உயிர்களைப் பறிகொடுத்த துயரத்துக்கு முன்னால் கடதாசியைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. ஆனால் நாட்கள் சென்ற பின், தப்பியவர்கள் ஒவ்வோர் அலுவலகமாக ஏறியபோது ஒவ்வொரு மேசையிலும் ஒரு கடதாசியைக் கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அடையாள அட்டை இல்லாமல் அடுத்ததற்கு வழியில்லை. என் ஒன்றுவிட்ட அண்ணன் பாடசாலைச் சீருடையோடு அன்று காலை வெளியே போயிருந்ததால் உயிரோடு இருக்கிறான். அவன் சாதாரண தரச் சான்றிதழ் எங்கள் பெரியம்மாவின் தகரப் பெட்டிக்குள் சேலைகளோடு இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சாய்த்தபோது இதே நிலைமை இன்னும் பல தோட்டங்களுக்கு வந்தது.

கவனக்குறைவால் தொலைத்தவரிடம் கட்டணம் வாங்கட்டும். மண்ணுக்குள் போனதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு வருபவருக்குப் பெறுபேற்றுப் பத்திரத்தைக் கட்டணமின்றி வழங்குவது நிரந்தர விதியாக எழுதப்பட வேண்டும். ஒவ்வோர் அனர்த்தத்துக்குப் பிறகும் யாராவது இரங்கிச் செய்யும் தயவாக அது இருக்கக்கூடாது.

மஸ்கெலியா அண்ணன் எழுதியது:

கொஸ்லாந்தைத் தம்பி சொல்வதோடு முழுமையாக உடன்படுகிறேன். மற்றபடி பிரதிக்குக் கட்டணம் அறவிடுவதில் நான் பிழை காணவில்லை. பழைய பதிவேடுகளைப் பாதுகாத்து, தேடி, சரிபார்த்துத் தருவதற்குச் செலவு உண்டு. வெளிநாட்டு வேலைக்குப் போகும் ஒருவர் அதைச் செலுத்துவதில் நியாயமும் உண்டு. மலையகத்து மனிதரின் பை காலியாவது அந்தக் கட்டணத்தால் அல்ல.

நான் கட்டார் போவதற்காக உறுதிப்படுத்தல் எடுத்தபோது முதல் நாள் இரவே புறப்பட்டு, கொழும்பில் உறவினர் வேலை செய்யும் கடையின் மேல்மாடியில் படுத்து, விடியற்காலை பெலவத்தைக்குப் போய் வரிசையில் நின்றேன். விண்ணப்பப் படிவத்தில் சுட்டெண்ணைப் பிழையாக எழுதியிருந்ததால் மீண்டும் நிரப்ப வேண்டியதாயிற்று. பஸ் கூலி, சாப்பாடு, இரண்டு நாள் சம்பள இழப்பு எல்லாம் சேர்ந்து திணைக்களக் கட்டணத்தைப் போல் பல மடங்காகியது. எனக்கு முன்னால் போன நண்பர் ஒருவர் தரகரிடம் கொடுத்து, அதிலும் கூடுதலாக இழந்தார்.

இப்போது திணைக்களத்தின் இணையத்தளம் வழியாக வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். வங்கி அட்டை இல்லாதவர்கள் தபாலகத்தில் பணத்தைச் செலுத்தலாம். இதை அறியாமல் இன்றும் நகரத்துக் கடைகளில் படிவம் நிரப்பித் தருவதற்கென்று ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, அதையும் "சான்றிதழ்க் கட்டணம்" என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தபாலில் வரவழைப்பவர்கள் தோட்ட முகவரியை மட்டும் கொடுக்காதீர்கள். தோட்டத்து ஆபிசுக்கு வரும் தபால் லயத்துக்கு வந்து சேர எத்தனை நாளாகும், வருமா வராதா என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நகரத்தில் நம்பகமான ஒருவரின் முகவரியைக் கொடுப்பது பாதுகாப்பானது.

பணிமனை ஓய்வாளர் எழுதியது:

கொஸ்லாந்தைத் தம்பி, நான் ஒரு வரியில் கடந்தது தவறுதான், ஏற்றுக்கொள்கிறேன். அனர்த்தத்தில் இழந்தவருக்குக் கட்டண விலக்கு விதியாகவே இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை.

சந்தாவைப் பற்றி டிக்கோயா ஆசிரியருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. ஒற்றை மண்டபத்தில் ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்புக்கும் பாடம் சொன்ன காலம் அது. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். மற்றவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்தது எங்களுக்குப் பிந்திக் கிடைத்தது. நீங்கள் சொல்லும் குழாயும் காவலாளியும் விஞ்ஞான ஆசிரியரும் அந்தப் பிந்தலின் மிச்சங்கள். அந்தக் குறையை நிரப்ப வேண்டிய கடமை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு உண்டு. அதை வலியுறுத்திக் கேட்காமல், கொழுந்தெடுக்கும் ஒரு தாயின் கைக்குட்டையிலிருந்து நிரப்பப் பார்ப்பதைத்தான் என் மனம் ஏற்க மறுக்கிறது. உங்கள் மீதான குறையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிக்கோயா ஆசிரியர் எழுதியது:

குறையாக எடுத்துக்கொள்ளவில்லை ஐயா. லிந்துலை அம்மா எழுதியதை வாசித்த பின் இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. இன்று காலை அதிபரிடம் அனுமதி பெற்று எங்கள் பாடசாலை அலுமாரியைத் திறந்து பார்த்தேன்.

யாரும் வந்து வாங்காத சான்றிதழ்கள் அறுபத்திரண்டு இருந்தன. மிகப் பழையது 1998ஆம் ஆண்டுக்குரியது. மழைக்காலத்து ஈரத்தில் அடியிலிருந்த பத்துப் பன்னிரண்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன; மெதுவாகப் பிரித்தபோது ஒன்றின் ஓரம் கிழிந்து என் விரலோடு வந்துவிட்டது. ஒரு சான்றிதழின் மேல் பென்சிலால் "750 பாக்கி" என்று எழுதியிருந்தது. அந்தப் பெயருக்குரியவரை எனக்குத் தெரியும். கணிதத்தில் திறமைச் சித்தி பெற்ற அவர் இப்போது எங்கள் தோட்டத்தில் கொந்தரப்புக்கு (ஒப்பந்தக் கூலிக்கு) புல்வெட்டுகிறார். அந்த 750 ரூபாய்தான் அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அது அந்தத் தாளின் மேல் இருந்தது.

எங்களிடம் அந்த வழக்கம் இல்லை என்றுதான் நான் நம்பியிருந்தேன். பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, சான்றிதழுக்குப் பணம் எதுவும் தேவையில்லை என்ற குறிப்போடு, கோவில் அறிவிப்புப் பலகையிலும், காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்திலும் ஒட்ட அதிபர் ஒப்புக்கொண்டார். சந்தாவை மாதாந்தம் பற்றுச்சீட்டோடு மட்டும் வாங்குவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

மலைக்கொழுந்து எழுதியது:

இங்கே எழுதிய எல்லோருக்கும் நன்றி. கடிதத்தைத் தமிழில் இரண்டு பிரதியாக எழுதிக்கொண்டு நேற்றுக் காலை பாடசாலைக்குப் போனேன். அம்மா மலைக்குப் போய்விட்டார். அவரை மறுபடி கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அதிபர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். வலயப் பணிப்பாளருக்கும் பிரதி அனுப்பினேனா என்று கேட்டார், அனுப்பிவிட்டேன் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அலுவலகத்திலிருந்தவரை அழைத்துச் சான்றிதழ்களைக் கொடுக்கச் சொன்னார். நிலுவையைப் பற்றி அம்மாவோடு தனியாகப் பேசிக்கொள்கிறோம் என்றும் சொன்னார். அது நியாயம் என்றே எனக்கும் பட்டது. வேலை கிடைத்த பின் என்னால் இயன்றதைப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுப்பேன்.

கையெழுத்திடுவதற்காகப் பதிவேட்டைத் திறந்தபோது என் தொகுதியில் பாதிக்கு மேற்பட்ட பெயர்களுக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருந்ததைக் கண்டேன். அவற்றில் மூன்று பெயர்கள் எங்கள் மேல் லயத்துப் பிள்ளைகளுடையவை. ஒருத்தி ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள், சான்றிதழ் கேட்டால் காசு கேட்பார்கள் என்று பயந்து இதுவரை போகவில்லையாம். கடிதத்தின் மாதிரியை நேற்றிரவே மூவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை போகிறார்கள்.